ஏழாம் வகுப்பு, ஒரு 3டி பிரிண்டர், ஒரு சிக்குக் கோலம்: எங்கே தப்பு செய்கிறோம்?

கணக்குடீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் லேபில் ஒரு 3டி பிரிண்டர் ரெண்டு வருஷமாகத் துணி போர்த்தி நிற்கிறது. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஒரு மதியம் இருந்து, இணையத்திலிருந்து இறக்கிய சாவிக்கொத்து ஒன்றை அடித்துக் காட்டிவிட்டுப் போனார்கள், அதோடு சரி. பிள்ளைகள் தாங்களே எழுதிய நிரலிலிருந்து ஒரு பொருள் கையில் வரவேண்டும் என்பது என் ஆசை. மார்கழி நெருங்குவதால் கோலத்தை எடுத்தோம். பைதான் டர்டிலில், அதாவது நாம் சொல்கிறபடி திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு வரையும் நிரலில், சதுரம், நட்சத்திரம் வரை எல்லோருக்கும் வருகிறது. சிக்குக் கோலத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு பையன் வரைபடத்தாளில் புள்ளி வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஆயத்தொலைவு குறித்து, நாற்பது வரி எழுதினான். கோடு கடைசியில் ஆரம்பித்த இடத்தில் வந்து சேரவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இன்னொன்று, அதையே எஸ்.வி.ஜி. என்ற கோட்டுப்படக் கோப்பாக்கிப் பிரிண்டருக்குக் கொண்டுபோனால் திரையில் கோலம் இருக்கிறது, பிரிண்டர் மென்பொருளில் வெறும் மேடைதான் தெரிகிறது. ஏன்?

தாம்பரம்வாசி:

டீச்சர், முதலில் அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அவன் கணக்கு தப்பில்லை, போன வழிதான் சுற்றுவழி. கோலம் போடுகிறவர் யாரும் ஆயத்தொலைவு பார்ப்பதில்லை, கை இருக்கும் இடத்திலிருந்து அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் பார்க்கிறார். டர்டிலும் அதேதான். 1967-இல் செமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற நிரல்மொழிதான் இந்த ஆமையின் பிறந்தவீடு. ஆமையாக நீயே நடந்து பார் என்று குழந்தைகளிடம் சொல்வது அப்போதிலிருந்தே உள்ள வழக்கம்.

அதனால் கணினியை மூடிவிட்டு வராந்தாவுக்குப் போங்கள். சாக்பீஸால் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் சதுரமாக நாலு புள்ளி. ஒரு பிள்ளை ஒன்றரை மீட்டர் நேராக நடக்கவேண்டும். நடந்து முடிக்கும்போது ஒரு புள்ளி அரை மீட்டர் தள்ளி இடது கைப்பக்கம் நேராக இருக்கும்படி ஆரம்ப இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் புள்ளியை இடது கையிலேயே வைத்து முக்கால் வட்டம் சுற்றவேண்டும், மறுபடி ஒன்றரை மீட்டர் நேராக. இப்படி நாலு தடவை. கிளம்பிய இடத்துக்கே, கிளம்பிய திசையைப் பார்த்தபடியே வந்து நிற்பார்கள். நிரலில் இது ரெண்டே கட்டளை: 60 முன்னால் போ, 20 ஆரத்தில் இடப்பக்கம் 270 டிகிரி வளை. இதை நாலு முறை சுழலவிட்டால் கோலம் மூடிக்கொள்ளும். 270-ஐ நாலால் பெருக்கினால் 1080, மூன்று முழுச் சுற்று, அதனால்தான் திசையும் சரியாக வந்து நிற்கிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 60-ஐ 40 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எதிரெதிர்க் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவில் இருந்த சதுரம் காணாமல் போகும். ஏன் என்று கேட்டால் அரைமணி நேரம் வகுப்பு தானாக ஓடும்.

இன்னொரு விஷயம், எங்கள் ஊர்ப் பெருமை என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணம்போல எழுதமுடியும் என்று 1974-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதியவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும். சிரோமணி தம்பதியர் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். வகுப்பில் அவசியம் சொல்லுங்கள், வாசலில் பாட்டி போடுவது உலகம் படித்த கணக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

பட்டறைக்காரன்:

ரெண்டாவது கேள்விக்கு நான். திரையில் தெரியும் கோட்டுக்கு உண்மையில் அகலமே கிடையாது, பிரிண்டருக்கு அகலமும் உயரமும் வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் கோட்டைத் தேர்ந்தெடுத்து 4 மி.மீ. தடிமன் கொடுங்கள், பாத் மெனுவில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ அழுத்துங்கள், அப்புறம் ‘யூனியன்’. இப்போது அது கோடு இல்லை, நாடாபோல ஒரு வடிவம். டிங்கர்கேட் என்ற 3டி வடிவமைப்புத் தளத்தில் ஏற்றி 2 மி.மீ. உயரம் கொடுத்தால் போதும். 0.2 மி.மீ. அடுக்காக அடித்தால் பத்தே அடுக்கு. ஆமை எடுத்துவைக்கும் ஓர் எட்டை ஒரு மி.மீ. என்று வைத்தால் தாம்பரம்வாசி சொன்ன கோலம் சரியாகப் பத்து செ.மீ. சதுரத்துக்குள் அடங்கும், தடிமனுக்காக ரெண்டு பக்கமும் 2 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதல்முறை செய்தபோது புள்ளிகளையும் சேர்த்து அடித்துவிட்டேன். மேடையிலிருந்து கோலத்தை எடுத்தால் நாலு புள்ளியும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன! எதோடும் சேராத துண்டு தனியாகத்தானே வரும். ஆனால் கோடு மட்டும் சிக்கிக்கிடக்கிற இடங்களில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே துண்டாக வந்தது. எனக்கு அன்றைக்குத்தான் சிக்கு என்ற பெயரின் அருமை புரிந்தது.

பக்கத்தில் லேசர் வெட்டும் கடை இருந்தால் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையிலும் வெட்டலாம், அங்கேயும் இதே நாடா வடிவம்தான் வேண்டும். வெறும் கோட்டைக் கொடுத்தால் அதன்மேலேயே வெட்டித் துண்டு துண்டாக்கிவிடும். பி.வி.சி. தாள், ஃப்ளெக்ஸ் எதையும் லேசரில் வைக்க விடாதீர்கள். குளோரின் கலந்த புகை வரும், நுரையீரலுக்கும் கெடுதல், எந்திரத்துக்கும் கெடுதல்.

நூல்கண்டு:

டீச்சர், கோவில் வாசல் கடைகளில் துளை போட்ட கோல அச்சு விற்பார்களே, அதை ஏன் செய்யக்கூடாது? கோட்டுக்குப் பதிலாக ஆமை 4 மி.மீ.க்கு ஒருமுறை ஒரு வட்டம் வைத்துக்கொண்டே போகட்டும். தட்டையான பலகை ஒன்றில் அந்த வட்டங்கள் துளைகளாக வரும். மேலே மாவு தூவினால் கோலம் விழும். எதுவும் உதிராது. இந்தக் கோலத்தின் மொத்த நீளம் ஏறக்குறைய 617 மி.மீ., அப்படியானால் எத்தனை துளை என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லலாம். அரிசிமாவு ஈரத்தில் துளையை அடைக்கும், கடையில் விற்கும் கோலப்பொடி நன்றாக இறங்கும்.

தையல் தெரிந்த அம்மாக்கள் இருந்தால் டர்டில்ஸ்டிச் என்று ஒன்று இருக்கிறது, உலாவியிலேயே ஓடும், திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதினால் எம்பிராய்டரி எந்திரத்துக்கான கோப்பு தரும். வளைவை ஒவ்வொரு டிகிரியாக உடைக்காதீர்கள், தையல் மிகச் சிறிதாகி நூல் அறுந்துவிடும். பத்துப் பத்து டிகிரியாக, ஒவ்வொன்றுக்கும் ஆமை 3.49 எட்டு நகரும்படி வையுங்கள். அந்த 3.49 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பை (π) வந்து நிற்கும்.

கணக்குடீச்சர்:

இன்றைக்கே வராந்தாவில் நடந்துவிட்டோம். முதல் சுற்றில் பாதிப் பேர் வலப்பக்கம் திரும்பி ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். நாற்பது வரி எழுதிய பையன் நடந்து முடித்துவிட்டு ஓடிப்போய் நாலு வரியில் எழுதினான், கோடு வந்து சேர்ந்தது. துளை 154 என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சு அடிக்கிறோம். துளையின் அளவு 2 மி.மீ. போதுமா, இன்னும் பெரிதாக வைக்கவேண்டுமா, நூல்கண்டு?

நூல்கண்டு:

2.5 வையுங்கள். பிரிண்டரில் துளை சொன்ன அளவைவிடக் கொஞ்சம் சுருங்கித்தான் வரும். நாலைந்து துளை மட்டும் உள்ள ஒரு சின்னத் துண்டை முதலில் அடித்து, பொடி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முழுசையும் அடியுங்கள்.