503 இலிருந்து 167 ஐக் கழிப்பதற்கு இணையம் எதற்கு?

வெள்ளவத்தை வாத்தியார்:
ஆரம்பப் பிரிவுக் கணிதத்தை இனி இணையமே கற்பித்துவிடும், ரியூசனுக்குக் காசு கட்டுவது வீண் என்று இந்தக் குழுமத்தில் ஒருவர் நேற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார். காணொளி பார்த்தே கணிதம் பழகிய தரம் 4 பிள்ளை ஒன்றுக்கு 503 இலிருந்து 167 ஐக் கழிக்கக் கொடுத்துப் பார்த்தேன். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரலில் எழுதிக் கழிக்காமல், ஒரு கோட்டைக் கீறி, அதில் 167, 170, 200, 500, 503 என்று குறித்து, இடையில் உள்ள 3, 30, 300, 3 ஆகியவற்றைக் கூட்டி 336 என்று எழுதியது. விடை சரிதான். ஆனால் பிள்ளை செய்தது கூட்டல். கழித்தல் எங்கே?

பம்பலப்பிட்டித் தகப்பன்:
அந்தத் தீர்ப்பை எழுதியவன் நான்தான். விடை சரி என்று தாங்களே ஒப்புக்கொண்ட பின் வழக்கு எதற்கு, ஐயா? காலி வீதிக் கடையில் 635 ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால், கடைக்காரர் நிரல் எழுதிக் கழிப்பதில்லை, 635 இலிருந்து ஆயிரம் வரை எண்ணித்தான் மிச்சக் காசைத் தருகிறார். என் மகள் இதே முறையை எழுதியதற்கு அவளது பாடசாலையில் கொப்பி முழுவதும் சிவப்புக் கோடு போட்டார்கள். அதே 503 கணக்கை நிரலில் செய்த பிள்ளைகளில் சிலர் 346 என்று எழுதியிருந்தார்கள். பத்தினிடத்தில் பூச்சியம் இருப்பதால், நூறினிடத்திலிருந்து வாங்கிய பத்தில் ஒன்றை ஒன்றினிடத்துக்குக் கொடுத்தால் மீதி 9 என்பதை மறந்து, 10 என்று வைத்துக்கொண்டே 6 ஐக் கழித்துவிட்டார்கள்.

வெள்ளவத்தை வாத்தியார்:
346 எழுதிய பிள்ளைக்கு இடப்பெறுமானத்தை நான் திருத்திக் கற்பிக்கலாம், ஏனெனில் பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்று நிரல் காட்டிக்கொடுக்கிறது. கோடு கீறும் பிள்ளை 50,003 இலிருந்து 16,478 ஐக் கழிக்கும்போது கோட்டை எங்கே வரை நீட்டும், தெஹிவளை வரையா?

கொட்டாஞ்சேனை அம்மா:
உங்கள் இருவரின் கோட்டுச் சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லலாமா? என் மகன் அமெரிக்கக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, டைம் என்ற 10 சத நாணயம் 5 சத நிக்கலை விடச் சிறியது, ஆனால் அதன் பெறுமதி இரண்டு மடங்கு என்று பிழையில்லாமல் ஒப்பிக்கிறான். நூறு ரூபாய்க்கு மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறான். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய பின், ஒரு கைப்பேசியில் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவள் நான். டேட்டா அட்டைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதை இந்த இணையப் பிரசாரகர்கள் எழுதுவதில்லை.

பம்பலப்பிட்டித் தகப்பன்:
சகோதரி, அமெரிக்க நாணயம் வேண்டாமென்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருக்கிறதே. நம் பாடத்திட்டப்படி, தமிழிலும் இருக்கிறது. வாத்தியாருக்கும் ஒன்று: கான் அகாடமி என்ற இலவசக் காணொளிப் பாடத் தளத்தில், கோடு கீறிச் செய்யும் எண்கோட்டு முறைக்குப் பக்கத்திலேயே நிரல்முறைப் பாடமும் இருக்கிறது. பார்க்காமலே குறை சொல்கிறார்.

வெள்ளவத்தை வாத்தியார்:
பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அத்தளத்தை நிறுவிய சல்மான் கான் 2004 இல் தொடங்கியது தளமல்ல, தொலைவிலிருந்த தம் உறவுப் பிள்ளை ஒருத்திக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்த பாடம். காணொளிகள் அதன் பின்னர்தான் வந்தன. நீங்கள் தூக்கிப் பிடிக்கும் தளத்தின் வேரே ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசான் என்பதுதான். இப்போது மறுபடியும் கேட்கிறேன், 503 இலிருந்து 167, கழித்தல் எங்கே?

பம்பலப்பிட்டித் தகப்பன்:
தங்கள் வகுப்பு விளம்பரத்தை இங்கே போடக்கூடாது என்று சென்ற ஆண்டு நான் ஆட்சேபித்தது இன்னும் ஆறவில்லை போலும். ரியூசன் நடத்துபவர் இலவசப் பாடத்தைப் பழிப்பதில் வியப்பில்லை.

வெள்ளவத்தை வாத்தியார்:
என் வகுப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது கணிதமாகாது. எனினும் சொல்கிறேன், வசதியில்லாத பிள்ளையிடம் நான் காசு வாங்குவதில்லை, அதைத் தண்டோரா போடுவதும் இல்லை.

மட்டக்குளி மாணவன்:
புலமைப்பரிசில் பரீட்சையில் தெரிவு செய்து எழுதும் வினாக்களுக்கு வழிமுறையை யாரும் பார்ப்பதில்லையே, சேர். கோடு கீறினால் என்ன, நிரல் எழுதினால் என்ன?

வெள்ளவத்தை வாத்தியார்:
தம்பி, தரம் 5 உடன் கணிதம் முடிந்துவிடுகிறதா? சாதாரண தரத்தில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. அப்போது கோட்டோடு வந்து நிற்பீர்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா:
டேட்டா அட்டையைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டித் தகப்பன்:
ஈ-தக்சலாவவைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேனே, சகோதரி. வாத்தியார் ஐயா, 50,003 ஐயும் என் மகள் கோட்டிலேயே செய்துவிட்டாள். விடை 33,525. நிரலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வாத்தியார்:
மகள் செய்தாளா, தகப்பன் செய்தாரா என்று கோடு சொல்லாது.