லோங்கேவாலாவில் கேட்ட கேள்வி

போர்ப் படம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜே.பி. தத்தாவின் 'பார்டர்' (1997). பிடித்த படம்தான். ஜெய்சல்மேர் போயிருந்தபோது, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவும் கூட வந்ததால், அந்தப் படம் காட்டும் 1971 இந்திய-பாகிஸ்தான் போர்ச் சண்டை நடந்த லோங்கேவாலாவையும் பார்த்துவிட்டு வந்தோம்.

சுற்றிலும் மணல். அன்று சிக்கிய பாகிஸ்தான் டாங்கி அங்கே நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று பெரியப்பா விளக்கினார். 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியிடம் இருந்தவர்கள் சுமார் 120 பேர். ஜெய்சல்மேரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இருட்டில் வந்து தாக்க முடியாது. விடியும்வரை தாக்குப்பிடித்தே ஆக வேண்டும். முள்கம்பியைப் பார்த்துக் கண்ணிவெடி இருக்குமோ என்று டாங்கிகள் தயங்கி நின்றதில் கொஞ்ச நேரம் கிடைத்தது. விடிந்ததும் ஹண்டர்கள் வந்துவிட்டன. மேலிருந்து எடுத்த படங்களில், தப்பிக்க வழி தெரியாமல் டாங்கிகள் சுற்றிச் சுற்றி வந்த தடம் மணலில் சிக்குக் கோலம் மாதிரி தெரியும்.

நம் பக்கம் இறந்தவர்கள் இரண்டு பேர். அவ்வளவு பேரை உயிரோடு காப்பாற்றியதுதான் சாந்த்புரியின் பெரிய சாதனை என்றார் பெரியப்பா. படத்திலோ ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். பாட்டு இருக்கட்டும், சண்டையை நீட்டட்டும், அதெல்லாம் சரி. உயிரோடு இருக்கும் மனிதரை அவர் பெயரிலேயே சாகடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங், எல்லைப் பாதுகாப்புப் படை வீரர். அந்தச் சண்டைக்காக சேனா பதக்கம் வாங்கியவர். படம் வந்து 25 வருடம் கழித்து, 2022 டிசம்பரில்தான் காலமானார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, "பைரோன் சிங் செத்த இடம் எது?" என்று இந்தியில் கேட்டான். பெரியப்பா விஷயத்தைச் சொன்னதும் நம்பாமல் போனில் தேடினான். பார்த்துவிட்டு நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் படத்தில் சாகும் இன்னொருவரைப் பற்றிக் கேட்டான்: "அப்படியென்றால் லெப்டினன்ட் தரம்வீர்?"

"அவரும் பிழைத்தவர்தான்" என்றார் பெரியப்பா.