கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது: வேன் ஏசி கண்டென்சர் மாற்றிய அனுபவம்

மதுரையில் 12 இருக்கை டூரிஸ்ட் வேன் ஒன்றை நானே ஓட்டுகிறேன். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கன்னியாகுமரி என்று வாரத்தில் நான்கு நாள் வண்டி வெளியில்தான் இருக்கும். போன கோடையில் ஏசியோடு பட்ட பாட்டை எழுதுகிறேன். இதே பிரச்சினையில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

மார்ச் மாதம் பரமக்குடி தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி இருக்கையில் இருந்த ஒரு பாட்டி, "தம்பி, ஏசி போட்டிருக்கியா இல்லையா?" என்று கேட்டார். முன் பக்கம் ஓரளவு சில்லென்றுதான் இருந்தது. எங்கள் வண்டியில் இரண்டு புளோயர், முன்னால் ஒன்று, பின் கூரையில் ஒன்று. பின்னால் போய்க் கை வைத்துப் பார்த்தால் வெறும் காற்று. வழியில் ஒரு கடையில் நிறுத்தினேன். "கேஸ் குறைஞ்சிருக்கு, வருஷா வருஷம் ஏத்தணும்ணே" என்றார்கள். ஏற்றினேன், ஜில்லென்று ஆனது. ஐந்தே வாரத்தில் பழைய கதை. வேறு கடை, மறுபடியும் கேஸ். இந்தத் தடவை 18 நாள்தான் தாங்கியது.

இந்த இரண்டு தடவையும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன கேஸ் எங்கே போனது? ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகும். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் போய், அங்கே அழுத்தம் சட்டென்று குறைந்து, கூலிங் காயிலுக்குள் கொதித்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். மறுபடி கம்ப்ரஸர். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது உண்மைதான். ஆனால் ஐந்து வாரத்தில் காலியானால் அது ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது பஞ்சரை ஒட்டாமல் காற்றடிக்கிற வேலை.

மூன்றாவது தடவை, கத்திரி வெயில் நேரத்தில், ஒரு பெரியவர் நடத்தும் சின்ன ஏசி பட்டறைக்குப் போனேன். அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அழுத்தம் காட்டும் இரண்டு கேஜையும் மாட்டினார், கம்ப்ரஸருக்குள் கேஸ் போகிற லோ பக்கம் ஒன்று, அழுத்தி அனுப்புகிற ஹை பக்கம் ஒன்று. இரண்டும் 60 பிஎஸ்ஐ காட்டின. "வெளியில 35 டிகிரி இருக்குன்னு வைங்க. உள்ள கொஞ்சமாவது திரவமா கேஸ் இருந்தா 115 பக்கம் நிக்கணும். 60னா திரவமே இல்ல, எல்லாம் ஆவி. முக்கால்வாசி போயிடுச்சு" என்றார். இது ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் வகைக்கான கணக்கு. அவர் இன்னொன்றும் சொன்னார்: 115 காட்டினால் கேஸ் சரியான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. 200 கிராம் இருந்தாலும் 900 கிராம் இருந்தாலும், திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஒன்றுதான். பல கடைகளில் கேஜை மட்டும் பார்த்துவிட்டு 'போதும்' என்று நிறுத்துவது இதனால்தான் தப்பு.

எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கிற கிளட்ச் டக்கென்று பிடித்தது, இரண்டு விநாடியில் விட்டது. லோ பக்கம் முள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்தேன். கேஸ் குறைந்தால் லோ, ஹை இரண்டும் குறையும். இரண்டும் ஏறினால் கண்டென்சருக்குக் காற்று போகவில்லை, இல்லை கேஸ் அதிகம். லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. அன்று அவர் சொல்லிக் கொடுத்த இந்த மூன்றை வைத்தே இப்போது நான் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

அப்புறம் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்தார். கண்டென்சரின் வலது கீழ் மூலையில், வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெய் தடம் விடும். வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியைக் கழுவுகிறேன், இந்த இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை நினைத்து அன்று மனசு கஷ்டப்பட்டது.

பிசுக்கைப் பார்த்ததும் 'கண்டென்சர்தான்' என்று அவர் முடிவு கட்டிவிடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. மிச்சமிருந்த கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்துவிட்டு, நைட்ரஜனை 150 பிஎஸ்ஐக்கு ஏற்றி, எல்லா ஜாயின்டிலும் சோப்பு நுரை தடவினார். பின் புளோயருக்குத் தரைக்கு அடியில் போகிற குழாயையும் விடவில்லை. அங்கெல்லாம் ஒன்றுமில்லை. கண்டென்சர் மூலையில் மட்டும், பத்து நிமிடம் கழித்து, கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அலுமினியம் பொரிந்துபோய் வெள்ளையாக உதிர்ந்தது. "கடற்கரைப் பக்கம் அதிகமா போறீங்களா?" என்றார். 2017இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு எங்கள் வண்டிகள் எல்லாம் கடல் ஓரமே நிற்கின்றன. உப்புக் காற்று நேராக அடிப்பது கண்டென்சர் முகத்தில்தான்.

ஆர்கான் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். குழாய்ச் சுவர் மிக மெலிசு, ஒரு இடம் அரித்திருந்தால் பக்கத்திலும் அரித்திருக்கும், சூடு பட்டால் அங்கே விடும் என்றார். புதிது வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மாற்றும் வேலை அரை நாள். பம்பரையும் முன் பேனலையும் எடுத்து, குழாய் போல்ட்டைக் கழற்றியதும் திறந்த வாய்களை உடனே பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்தார். கம்ப்ரஸருக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சும். பழைய கண்டென்சரைச் சாய்த்து எண்ணெயை வடித்து அளந்தார், 30 மில்லி வந்தது. புதியதில் 40 மில்லி ஊற்றினார், கசிவில் போனதற்குச் சேர்த்து. ஜாயின்டுகளில் இருந்த பழைய ரப்பர் வளையங்களை (ஓ ரிங்) தூக்கிப் போட்டுவிட்டு, பச்சை நிறப் புது ரிங்குகளை அதே எண்ணெயில் தடவி மாட்டினார். டிரையரும் புதிது. சிஸ்டத்தைத் திறந்தால் டிரையர் மாற்றியே ஆக வேண்டும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம் 45 நிமிடம் வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி தராசில் வைத்து 900 கிராம் கேஸ். லோ 35, ஹை 230, முன் வென்டில் 8 டிகிரி.

எல்லாம் சரி என்று கிளம்பினேன். மறுநாள் மாட்டுத்தாவணி சிக்னலில் நின்றால் கூலிங் குறைகிறது, ஓடினால் திரும்புகிறது. திரும்பப் போனேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது: பழைய கண்டென்சரின் இரு ஓரத்திலும் ஒட்டியிருந்த கருப்பு ஸ்பான்ஜ் பட்டைகள் புதியதில் இல்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி இருந்தால், நிற்கும்போது ஃபேன் எஞ்சின் சூட்டையே சுற்றி இழுத்து மறுபடி கண்டென்சர் மேல் விடுகிறது. பட்டை ஒட்டியதும் சரியாகிவிட்டது. அவர் அதற்குக் காசு வாங்கவில்லை, "நான் விட்டதுதான்" என்றார்.

*

திருநெல்வேலியிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணே, எனக்கு நேர் எதிர் அனுபவம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நின்றால் சூடு, ஓடினால் குளிர். ஒரு கடையில் 'கண்டென்சர் சோக்', அதாவது உள்ளே அடைப்பு என்று சொல்லி மாற்றச் சொன்னார்கள். இன்னொருவரிடம் காட்டினேன். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஹை பக்கம் 350 வரை ஏறியது. ஒரு குடம் தண்ணீரை கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார், மளமளவென்று 220க்கு இறங்கிவிட்டது. உள்ளே அடைப்பு என்றால் இப்படி இறங்கிக் கூலிங் வராது, காற்றுதான் போதவில்லை என்றார். பார்த்தால் ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து பாதி வேகத்தில் சுற்றியிருக்கிறது. ஃபேன் மாற்றியதோடு முடிந்தது, கண்டென்சர் இன்னும் பழையதுதான். உங்கள் ஸ்பான்ஜ் விஷயத்தைப் படித்ததும் போய்ப் பார்த்தேன், எனக்கும் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. நன்றி அண்ணே.

*

தோகாவிலிருந்து ஒரு மறுமொழி

இங்கே டெலிவரி வேன் ஓட்டுகிறேன். ஜூலையில் வெளியே 45 டிகிரி தாண்டும், ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. என் வண்டியில் கம்ப்ரஸர் உள்ளே உடைந்தது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பழைய கம்ப்ரஸர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் அதுவும் ஜாம். முதல் கம்ப்ரஸரின் உலோகத் தூள் கண்டென்சருக்குள் தங்கி, கேஸோடு சுற்றி மாற்றிப் போட்டதையும் தின்றிருக்கிறது. இப்போதைய கண்டென்சர்களில் ஊசித் துளை மாதிரி நுண்ணிய வழிகள் பல பக்கம் பக்கமாக ஓடுகின்றன. உள்ளே திரவம் விட்டுக் கழுவினால் (ஃபிளஷ்) அந்தத் திரவம் திறந்திருக்கும் வழியிலேயே போய்விடும், அடைத்த வழி அடைத்தபடியே இருக்கும். கம்ப்ரஸர் உடைந்தால் கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்து இரண்டு கோடை தாண்டிவிட்டது.

ஒரு கேள்வி: கண்டென்சரை பிரஷர் வாட்டரில் கழுவலாமா?

*

கேட்டவருக்கு

வேண்டாம் தம்பி. பிரஷர் கன் பட்டால் கண்டென்சரில் இருக்கும் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கி, காற்று போகிற வழியே அடைத்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸில் மெதுவாக ஊற்றினால் போதும். முடிந்தால் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து முன் பக்கமாக, அப்போதுதான் ஒட்டிய பூச்சியும் தூசியும் வந்த வழியே வெளியேறும். நான் தனுஷ்கோடி போனால் அன்று இரவே, ராமேஸ்வரத்தில் தங்கும் இடத்தில் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிவிடுகிறேன்.

இன்னொன்று எல்லோருக்கும். பட்டறையில் பைப்பைக் கழற்றி மிச்சக் கேஸைக் காற்றில் விடுகிறார்கள் என்றால் தயவுசெய்து தடுங்கள். ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஒரு கிலோ ஆர்134ஏ ஆயிரம் மடங்குக்கு மேல். உறிஞ்சி எடுக்கும் மெஷின் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். மதுரையில் அப்படிக் கடை தேடுகிறவர்கள் எனக்கு எழுதினால் நான் போகும் பட்டறைக்கு வழி சொல்கிறேன்.