அரியமான் கரையில் எஃகு ரோலர் கோஸ்டர் நிற்குமா?

உச்சிப்புளி மெக்கானிக்கல்:

2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார்கள். அங்கே ஓடும் தஞ்சோரா, சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் இந்தியாவுக்குச் செய்து தந்த முதல் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், நாம் கீழே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவோம். அது எழும்பிய காலம் முழுக்க நண்பர்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கிடந்தவன் நான். எந்த கோஸ்டர் கட்டினாலும் முதலில் தரையில் காங்கிரீட் கட்டைகள்தான் தெரியும், ஒவ்வொன்றிலும் வட்டமாக போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டை பெரிதாக, சாய்வாக இருந்தால் அங்கே ரயில் வேகமாகத் திரும்பப்போகிறது என்று அர்த்தம். அடுத்து வரும் தண்டவாளத் துண்டுகளின் வளைவைப் பார்த்தால் இது முதல் இறக்கம், இது சுழல் என்று சொல்லிவிடலாம். ஒரு ஊர் விளையாடப்போவதை இரும்பு முன்கூட்டியே சொல்கிற மாதிரி இருக்கும்.

இப்போது உச்சிப்புளிக்கே வந்துவிட்டேன். அரியமான் கரையில் சவுக்குத் தோப்பு ஓரம் நடக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். ராமேஸ்வரத்துக்கு வருகிற கூட்டம் முழுக்க நம் ஊர் வழியாகத்தான் போகிறது, ஒரு மணி நேரம்கூட இங்கே நிற்பதில்லை. நம் பிள்ளைகள் ராட்டினம் பார்க்க வேண்டுமென்றால் கோயில் கொடையோ சந்தனக்கூடோ வர வேண்டும். இங்கே ஏன் ஒரு எஃகு கோஸ்டர் வரக்கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் பட்டறை:

தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் 26 வருடமாக நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். புது ஆங்கிளை ராத்திரி வெளியே போட்டுவிட்டுப் போனால், காலையில் செம்மண் பூசின மாதிரி கிடக்கும். பெயின்ட் அடித்த இரும்பிலும் துரு எங்கே பிடிக்கும் தெரியுமா? பரப்பில் இல்லை. போல்ட்டு வாஷருக்கு அடியில், வெல்டு ஓரத்தில், முனை மடங்கும் இடத்தில். அங்கே பெயின்ட் மெல்லிசாக இருக்கும், உப்புத் தண்ணீர் தேங்கும். மேலே பார்த்தால் ஒரு சின்னக் கொப்புளம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே பொருக்குப் பொருக்காக உதிரும். போன மாதம் ஒரு கேட்டைக் கழற்றினேன். வெளியே பச்சை பெயின்ட் பளபள என்று இருந்தது, கீல் இருந்த இடத்தில் சுத்தியல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது.

கேட் விழுந்தால் தூக்கி வைக்கலாம். நீங்கள் அதில் பிள்ளைகளை உட்கார வைக்கப்போகிறீர்கள்.

கீழக்கரை டு ரியாத்:

மண்டபத்து அண்ணனுக்கு ஸலாம். நான் மறுத்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அபுதாபி யாஸ் தீவில் ஃபார்முலா ரோசா என்ற கோஸ்டர் 2010 முதல் ஓடுகிறது, மணிக்கு 240 கிலோமீட்டர். சுற்றிலும் கடல். அந்த வளைகுடாக் கடலில் நம் கடலைவிட உப்பு அதிகம், வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது அல்லவா? கோடையில் அங்கே சட்டை ஒட்டிக்கொள்ளும் புழுக்கம் எப்படி என்று நான் 6 வருடம் அனுபவித்திருக்கிறேன். அங்கே நிற்கிறதென்றால் அரியமானில் ஏன் நிற்காது?

இப்போது நான் இருப்பது ரியாத். இங்கே கித்தியாவில் 2025 டிசம்பர் 31 அன்று திறந்த பூங்காவில் ஃபால்கன்ஸ் ஃப்ளைட் என்ற கோஸ்டர் ஓடுகிறது. 195 மீட்டர் உயரம், 250 கிலோமீட்டர் வேகம், 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மலை விளிம்பில் ஏறி அங்கிருந்து கீழே பாய்கிறது. கட்டும்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து பார்ப்போம். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் தேவிபட்டினம், ஒருவர் தொண்டி. கிரேன் ஒரு துண்டைத் தூக்கி, அது காற்றில் ஆடி, மேலே இருப்பவன் கைகாட்ட, போல்ட்டுத் துளைகள் நேராகச் சேரும்வரை நாங்கள் மூச்சே விடமாட்டோம். ஊர் ஊராக இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் நாம். நம் ஊரில் ஒன்று வந்தால் என்ன என்று தம்பி கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

மண்டபம் பட்டறை:

காக்கா, ரியாத் வறண்ட ஊர். அதை இங்கே ஒப்பிடக்கூடாது. அபுதாபி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே இரும்பு நிற்பதற்குக் காரணம் பெயின்ட் மட்டுமா? தினமும் காலையில் அதைச் சுற்றி நடக்க ஆளும் பணமும் இருப்பதாலா? அதைச் சொல்லுங்கள்.

பரமக்குடி பாசஞ்சர்:

இரும்பு, உப்பு என்று பேச்சு வந்துவிட்டதால் ரயில் பைத்தியமான நான் உள்ளே வருகிறேன். பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்வரை 108 வருடம் அதே கடலுக்கு மேலே, இரும்பு கர்டர்களில்தான் ஓடியது. நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் பகுதியும் இரும்புதான். அதனால் "இங்கே இரும்பு நிற்காது" என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் பட்டறை அண்ணன் சொன்ன இரண்டாவது விஷயம் நூறு சதவீதம் உண்மை. அந்தப் பாலம் நின்றது சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததால். சிறு வயதில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், கயிற்றில் தொங்கிக்கொண்டு கையில் டப்பாவோடு ஆட்கள் இருப்பார்கள். கீழே கடல்.

புதுப் பாலத்தையும் அடிக்கல்லிலிருந்து பின்தொடர்ந்தவன் நான். கப்பலுக்காக மேலே தூக்குகிற 72.5 மீட்டர் நீளப் பகுதி, 600 டன்னுக்கு மேல். 2024-ல் அதைக் கரைப்பக்கமிருந்து நடுக்கடலுக்கு நகர்த்த மாதக்கணக்கில் ஆனது, பாதையில் வளைவு வேறு. தினமும் இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்போம். அதே வருடம் நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்த அறிக்கையில் துரு ஆரம்பித்திருப்பதையும் குறிப்பிட்டிருந்தார். ரயில் ஓடுவதற்கு முன்பே! பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சு, துருப்பிடிக்காத கம்பி எல்லாம் போட்டுக் கட்டிய பாலத்துக்கே இந்த நிலை. 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள், நானும் போய்ப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு வந்தேன். ஆனால் அந்த அறிக்கையை மறக்கவில்லை.

உச்சிப்புளி மெக்கானிக்கல்:

அண்ணன்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கோஸ்டர் தண்டவாளம் குழாய். இரண்டு முனையும் வெல்டு செய்து அடைத்துவிட்டால் உள்ளே காற்று புகாது, உள்பக்கம் துருப்பிடிக்காது. வெளிப்பக்கத்துக்கு முதலில் துத்தநாகம் கலந்த பூச்சு, நடுவில் எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன். போதாது என்றால் படகுக்குக் கட்டுகிற மாதிரி, இரும்புக்குப் பதில் தான் அரிந்துபோகிற ஜிங்க் கட்டி வைக்கலாமே?

மண்டபம் பட்டறை:

ஜிங்க் கட்டி தண்ணீருக்குள் இருந்தால்தான் வேலை செய்யும் தம்பி. காற்றில் தொங்கவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும், இரும்பு பாட்டுக்குத் துருப்பிடிக்கும். குழாய் விஷயம் சரி, அடைத்த குழாய்க்குள் ஒன்றும் ஆகாது. அடைப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து, உள்ளே போன ஈரம் வெளியே வராது, வெளியே இருந்து பார்த்தாலும் தெரியாது.

இன்னொன்று. பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும். உங்கள் கோஸ்டர் தூண் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு சுற்று? துருப்பிடித்த இடத்தில் அந்த வளைவு நடந்தால் கீறல் அங்கேதான் விழும். இது என் பட்டறைக்கே தெரிந்த விஷயம், லாரி சேஸிஸ் எங்கே வெடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றது.

பரமக்குடி பாசஞ்சர்:

அதற்குத் துரு இல்லாமலே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் காரோவிண்ட்ஸ் பூங்காவின் ஃப்யூரி 325. 2023 ஜூன் 30-ல் ஒரு தூணின் மேல்பகுதி முழுக்கக் கீறி விலகி, ரயில் போகும்போது ஆடியது. அதைக் கண்டுபிடித்தது கீழே நின்று வீடியோ எடுத்த ஒரு பார்வையாளர். தூணை மாற்றி, சோதித்து, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். நம்மைப் போல் வேலி ஓரம் நின்று பார்க்கிறவர்களை யாராவது வேலையற்றவர்கள் என்று சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

தங்கச்சிமடம் ஆசிரியை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே?

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன 653-ம் எண் பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை விழுந்தன. என் ஆச்சி அந்த ராத்திரியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார், கடல் கேட்டுவிடும் என்பதைப் போல. நீங்கள் வெளிநாட்டு உதாரணம் கேட்பீர்கள் என்று அதையும் தேடி வைத்திருக்கிறேன். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடலுக்கு மேல் கட்டிய ஒரு மேடையை உடைத்தது. அதிலிருந்த ஸ்டார் ஜெட் என்ற கோஸ்டர் அப்படியே கடலுக்குள் உட்கார்ந்துவிட்டது. அதை அகற்றவே அடுத்த வருடம் மே மாதம் ஆனது.

அபுதாபியில் உப்பு இருக்கலாம், நம்மைப் போல் ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

உச்சிப்புளி மெக்கானிக்கல்:

டீச்சர், அரியமான் இருப்பது வடக்கே பெண்கடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா குமுறும், இங்கே குளம் மாதிரி கிடக்கும். இங்கிலாந்தில் பிளாக்பூல் கடற்கரையில் தி பிக் ஒன் என்ற கோஸ்டர் 1994-லிருந்து நிற்கிறது, 65 மீட்டர். காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். பாம்பனிலும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தத்தானே செய்தார்கள்?

தங்கச்சிமடம் ஆசிரியை:

குளம் மாதிரி கிடப்பது ஆடியில். வாடை தொடங்கினால் அதே பெண்கடல் என்ன ஆட்டம் ஆடும் என்று உச்சிப்புளிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது காற்று நேராகக் கரைக்குத்தான் வரும், உப்பையும் அள்ளிக்கொண்டு. ஆடியில் கடல் அடங்கினாலும் காற்று அடங்காது. ஆடி அமாவாசைக்குத்தான் ராமேஸ்வரத்துக்குக் கூட்டம். ஆள் வரும் நாளில் காற்றுக்காக மூடிவைத்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? சம்பளம் இல்லாத இடத்தில் காலையில் சுற்றி நடக்கிற ஆள் முதலில் குறைவார்.

ஒரு முறை ஊர்த் திருவிழாவில் கொலம்பஸ் ராட்டினத்தில் என் தங்கை மகனை ஏற்றினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போல்ட் தெறித்து என் காலடியில் விழுந்தது. கையில் எடுத்தால் சூடாக இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த போல்ட் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

கீழக்கரை டு ரியாத்:

லாத்தா, இதைப் படித்ததும் என் மகள் ஞாபகம் வந்தது. மனசு கனத்துவிட்டது. ஆனால் இதனால்தான் நான் முறையான கோஸ்டரைக் கேட்கிறேன். அதில் சக்கரம் தண்டவாளத்தை மேலே, பக்கவாட்டில், கீழே என்று மூன்று பக்கமும் பிடித்திருக்கும், ரயில் எகிற முடியாது. வருடா வருடம் பிரித்துப் போட்டு அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்பார்கள். ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற ராட்டினத்தையும் அதையும் ஒன்றாக வைக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு நல்லது வேண்டாம் என்று சொன்னால், தெறிக்கிற போல்ட்டுதான் மிஞ்சும்.

பரமக்குடி பாசஞ்சர்:

காக்கா சொன்னதில் எனக்கு உடன்பாடு. இடத்தில்தான் உடன்பாடு இல்லை. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கரையை ஒட்டித் தூண் நடவே முடியாது. நடக்கூடாது என்பதுதான் என் கட்சியும். தேசிய நெடுஞ்சாலைக்குத் தெற்கே, பனங்காட்டுப் பக்கம் தள்ளிப் போங்கள். தூவானம் குறையும், துரு குறையும். உச்சியிலிருந்து இரண்டு கடலும் தெரியும்.

உச்சிப்புளி மெக்கானிக்கல்:

இரண்டு கடலும் தெரியும் என்று நீங்கள் எழுதியதும் நிஜமாகவே எழுந்து மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் அண்ணன். சரி, கரையை விட்டுவிடுகிறேன். உள்ளே தள்ளிப் போகலாம். பட்டறை அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

மண்டபம் பட்டறை:

வாயால் சொல்லி என்ன? ஒரே குழாயிலிருந்து மூன்று மூன்று துண்டாக இரண்டு செட் வெட்டுகிறேன். ஒன்று வெறும் இரும்பு, ஒன்று துத்தநாகப் பூச்சு, ஒன்று நீங்கள் சொன்ன மூன்று அடுக்கு. எல்லாவற்றிலும் ஒரு போல்ட் முடுக்கி, ஒரு வெல்டு இழுத்துத் தருகிறேன். ஒரு செட் அரியமான் கரையில், ஒரு செட் பனங்காட்டில். ஐப்பசியில் கட்டினால் தை கடைசியில் அவிழ்ப்போம். வாஷரைக் கழற்றி அடியில் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

தங்கச்சிமடம் ஆசிரியை:

மூன்றாவது செட் ஒன்று வெட்டுங்கள், என் வீட்டு மொட்டைமாடியில் கட்டுகிறேன். ஆனால் ஒன்று. குழாய் சுத்தமாகவே இருந்தாலும் என் கேள்வி தீராது. அரியமானில் வள்ளம் இழுத்துப் போடுகிறவர்கள், வலை காயவைக்கிறவர்கள் யாரையாவது இந்தப் பேச்சுக்குக் கூப்பிட்டீர்களா?

உச்சிப்புளி மெக்கானிக்கல்:

இல்லை டீச்சர். கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் படகு கரைக்கு வரும் நேரம் போகிறேன். நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும். அந்த போல்ட்டையும் எடுத்து வாருங்கள்.