சிவப்பு ராட்சதக் கிளையின் முனை: எந்தப் புள்ளியை எடுப்பது?

இரவுவானம்:
பக்கத்து கேலக்ஸி ஒன்றின் ஹபிள் தரவை வைத்து நிறம்-பொலிவு வரைபடம் போட்டேன். சிவப்பு ராட்சதக் கிளை, அதாவது வயதாகி ஊதிச் சிவந்த நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் மேலேறும் வரிசை. அதன் முனை எந்த கேலக்ஸியிலும் ஒரே பிரகாசம், அதனால் தூரம் அளக்கலாம் என்கிறார்கள். என் படத்திலோ கிளைக்கு மேலேயும் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. எதை முனை என்று எடுப்பது? தவிர, வயதும் எடையும் வேறுவேறான நட்சத்திரங்கள் எப்படி ஒரே பிரகாசத்தில் வந்து நிற்கும்?

துகள்:
உச்சியில் இருக்கும் பத்துப் பதினைந்தை எடுத்து சராசரி போட்டால் போதாதா?

பழைய_டெலஸ்கோப்:
ஐயோ, சராசரி வேண்டவே வேண்டாம். மேலே சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் ஏஜிபி நட்சத்திரங்கள். நடுவிலிருந்த ஹீலியத்தை எரித்து முடித்துவிட்டு இரண்டாம் முறை மேலே ஏறுகிறவை. அவற்றைச் சேர்த்தால் கேலக்ஸி இருப்பதைவிடப் பக்கத்தில் வந்துவிடும்.

முனையைத் தனி நட்சத்திரமாகத் தேடாதீர்கள். பொலிவு வாரியாக எண்ணிக்கொண்டே கீழே வாருங்கள், ஓரிடத்தில் எண்ணிக்கை குபீரென்று எகிறும். அந்த விளிம்புதான் முனை. 1993இல் லீ, ஃப்ரீட்மன், மடோர் மூவரும் அதைப் பிடிக்க சோபல் ஃபில்டரைப் பயன்படுத்தினார்கள். படங்களில் பொருள்களின் ஓரத்தைக் கண்டுபிடிக்கும் அதே கணக்கு.

ஒரே பிரகாசம் எப்படி என்றால், எடை குறைந்த நட்சத்திரங்களில் (சூரியனைப் போல இரண்டு மடங்குக்குள்) நடுவில் சேரும் ஹீலியக் கரு, சூடேறினாலும் விரியாத அளவுக்கு நெருங்கிக் கிடக்கிறது. சுற்றியுள்ள ஹைட்ரஜன் எரிய எரிய, கருவின் எடை கூடும். சூரிய எடையில் சுமார் 0.47 பங்கு ஆனதும் வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொட்டு ஹீலியம் பற்றிக்கொள்ளும். பிரகாசத்தைத் தீர்மானிப்பது கருவின் எடைதான், வெளியே எவ்வளவு வாயு மிச்சமிருக்கிறது என்பது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. பற்றியதும் நட்சத்திரம் மங்கிக் கீழே இறங்கிவிடும். ஆகவே அந்த ஏஜிபிகளைத் தவிர மேலே வெற்றிடம்.

ஆண்ட்ரோமிடாவில் போட்டுப் பாருங்கள். தூசி மறைத்த ஒளியைத் திருத்திய பிறகு ஐ ஃபில்டரில் (அகச்சிவப்பின் தொடக்கம்) முனை சுமார் 20.4 மேக்னிட்யூட் (பொலிவின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). உண்மைப் பொலிவு, அதாவது ஒரே நிலையான தூரத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது, −4.05. வித்தியாசம் 24.45, அதாவது கிட்டத்தட்ட 25 லட்சம் ஒளியாண்டு.

இரவுவானம்:
ஐ ஃபில்டர்தான் வேண்டுமா? ஜே ஃபில்டரிலும் (இன்னும் நீண்ட அகச்சிவப்பு) தரவு இருக்கிறது.

பழைய_டெலஸ்கோப்:
ஜேயில் முனை இன்னும் பிரகாசம், ஆனால் உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) கூடக்கூடச் சாய்ந்துகொண்டே போகும். நிறத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஐயில் உலோகம் குறைந்த நட்சத்திரங்களுக்கு அது ஏறக்குறைய சமதளம். முதல் தடவைக்கு ஐ போதும். வட்டுப் பகுதியை விட்டுவிட்டு வெளி ஒளிவட்டத்தை மட்டும் எடுங்கள். அங்கே தூசியும் குறைவு, இளம் நட்சத்திரங்களின் தொல்லையும் குறைவு.

துகள்:
அந்த −4.05 எங்கிருந்து வந்தது?

பழைய_டெலஸ்கோப்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பக்கத்துச் சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்துக்குக் கிரகண இரட்டை நட்சத்திரங்களும் (ஒன்றையொன்று மறைக்கும் ஜோடிகள்), என்ஜிசி 4258 என்ற கேலக்ஸிக்கு நீராவி மேசர்களும் (நீராவியிலிருந்து லேசர்போல வரும் ரேடியோ அலை) தரும் தூரங்களை வைத்து அளவீடு செய்கிறார்கள். சில நூறில் ஒரு பங்கு மேக்னிட்யூடுக்குக்கூட அங்கே சண்டை நடக்கிறது. 2019இல் ஃப்ரீட்மன் குழு இந்த முறையில் ஹபிள் மாறிலி (பிரபஞ்சம் விரியும் வேகத்தின் அளவு) 69.8 என்றது, செஃபீட் என்னும் துடிக்கும் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் அணியோ 73-74 பக்கம் நின்றது. என் கண்ணுக்கு முனை முறைதான் சுத்தமானது, ஆனால் பாதிச் சண்டை அந்த −4.05இல்தான் இருக்கிறது.