வட்டார வர்த்தக உடன்படிக்கைகள் சேவை வர்த்தகத்தில் எதை மாற்றுகின்றன?

கேள்வி

சரக்கு வர்த்தகத்தில் வட்டார உடன்படிக்கையின் பயன் தெளிவானது: உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி குறைகிறது, பொருளின் விலையும் இறங்குகிறது. ஆனால் வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, பொறியியல் ஆலோசனை போன்ற சேவைகளுக்குச் சுங்க வரியே கிடையாது. அப்படியிருக்க, இவ்வுடன்படிக்கைகளால் அவற்றுக்கு என்ன பயன்? உடன்படிக்கையில் சேராத நாடுகள் இழப்பது எதை?

மறுமொழி 1

சேவைகளைத் தடுப்பவை உள்நாட்டுச் சட்டங்களே. அந்நிய முதலீட்டு உச்சவரம்பு, உரிமங்களின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க மறுத்தல் ஆகியவை இங்கே சுங்க வரியின் வேலையைச் செய்கின்றன. 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டுக்குத் தரும் சலுகையை உலக வர்த்தக அமைப்பின் மற்ற உறுப்பினர்களுக்கும் தர வேண்டும். கணிசமான சேவைத் துறைகளை உள்ளடக்கி, அவற்றில் பாகுபாட்டைப் பெருமளவு நீக்கும் வட்டார உடன்படிக்கைகளுக்கு மட்டும் அதன் 5ஆம் விதி விலக்களிக்கிறது.

பட்டியலிடும் முறையும் முக்கியமானது. பொது உடன்படிக்கையில் ஒரு நாடு தான் பட்டியலிட்ட துறைகளில் மட்டுமே சந்தையைத் திறந்துவிடக் கடமைப்படுகிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கையோ, விலக்காகக் குறிப்பிடப்படாத அனைத்தும் திறந்தவையே என்று கொண்டது. இம்முறையில் எந்தத் தடை எங்கே நீடிக்கிறது என்பது எழுத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. முதலீட்டாளருக்கு அதுவே பெரிய உதவி.

மறுமொழி 2

உடன்படிக்கையில் சேராத நாடுகளின் இழப்பைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. தொலைத்தொடர்புத் துறைக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை அமைப்பதாக ஒரு நாடு உடன்படிக்கையில் உறுதியளித்தால், அந்த ஆணையத்தின் நன்மையை உறுப்பு நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் பிரித்துத் தர முடியாது. மேலும் சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கையின் 5ஆம் விதியின் 6ஆம் பிரிவின்படி, மூன்றாம் நாட்டவருக்குச் சொந்தமான நிறுவனமும், ஓர் உறுப்பு நாட்டின் சட்டப்படி அமைக்கப்பட்டு அவ்வட்டாரத்துக்குள் கணிசமான தொழில் நடத்திவந்தால், பொதுவாக அதே சலுகைக்கு உரியதாகிறது. வளரும் நாடுகள் மட்டுமே சேர்ந்த உடன்படிக்கைகளில் இதற்குச் சில தளர்வுகள் உண்டு. உரிமங்கள் சிலவே வழங்கப்படும் துறைகளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது: முந்தி நுழைந்த நிறுவனம் வேரூன்றிய பிறகு, சந்தை எல்லோருக்கும் திறந்தாலும் பின்னால் வருபவர் அதை எட்டிப்பிடிப்பது கடினம்.

கேள்வி கேட்டவர்

அப்படியானால் தொழில் வல்லுநர்கள் எல்லை தாண்டிச் சென்று பணியாற்றுவதும் எளிதாகியிருக்க வேண்டுமல்லவா?

மறுமொழி 3

மிகக் குறைவாகவே முன்னேறியிருப்பது அந்தப் பகுதிதான். செவிலியர் தகுதியைப் பரஸ்பரம் ஏற்பதற்காக ஆசியான் நாடுகள் 2006இல் ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. ஆயினும் குறைந்தது மூன்றாண்டு தொடர் பணி அனுபவம் வேண்டும் என்பதோடு, பணியேற்கும் நாட்டின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பித்து, அந்நாட்டு விதிகளையும் நிறைவு செய்ய வேண்டும். நோயாளியின் பாதுகாப்பு கருதி இத்தகைய சோதனை தேவைதான். ஆனால் அது தகுதியைச் சோதிக்கிறதா, போட்டியைத் தடுக்கிறதா என்பதை ஒவ்வொரு விதியாக எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓர் உடன்படிக்கையை மதிப்பிடுபவர்கள் அதன் துறைப் பட்டியலோடு நின்றுவிடாமல், இந்த அங்கீகார விதிகளையும் படிக்க வேண்டும்.