கிளைடரின் போலாரில் கை வைக்கலாமா?

தெகிவளைத் தம்பி
கொண்டோர் சிமுலேட்டரில் எல்எஸ்4 என்ற கிளைடரை (இயந்திரமில்லாமல் சறுக்கும் விமானம்) பறக்கிறேன். பக்கத்தில் பழைய போன் ஒன்றில் எக்ஸ்சிசோர் என்ற பறப்புக் கணினிச் செயலி ஓடுகிறது. போலாரை, அதாவது எந்த வேகத்தில் கிளைடர் எவ்வளவு இறங்கும் என்ற வளைவை, அதன் பட்டியலிலிருந்தே எடுத்தேன். நேற்று இரவு கடைசிச் சறுக்கலில், 20 கிலோமீட்டர் இருக்கும்போது '60 மீட்டர் மிச்சம்' (ஓடுபாதையைச் சேரும்போது மீதமிருக்கும் உயரம்) என்று காட்டியது. அது சொன்ன வேகத்திலேயே, மணிக்கு 150 அளவில் போனேன். ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வயலில் இறங்க வேண்டியதாயிற்று. காற்றும் இல்லை. போலாரைக் குறைத்துப் போட வேண்டுமா?

நெடுஞ்சிறகு
குறைத்துப் போடுங்கள் தம்பி. ஜெர்மனியில் வேலை செய்த காலத்தில் அங்கே ஒரு கிளப்பில் பறந்தேன். கையேட்டில் இருக்கும் வளைவு புதுக் கிளைடருக்கு, பளபளக்கும் இறக்கைக்கு, அமைதியான காற்றுக்கு. எங்கள் கிளைடரில் கதவோரப் பட்டி உரிந்திருக்கும், இறக்கையின் முன்விளிம்பில் பழைய பூச்சு வெடித்திருக்கும். கையேடு சறுக்கு விகிதம் 40 (ஒரு மீட்டர் இறங்கும்போது 40 மீட்டர் முன்னால் போகும்) என்றால் நான் 34 வருமாறு, கணினிக்குப் போலாரைச் சொல்லும் மூன்று புள்ளிகளையும் திருத்திவிடுவேன். 20 கிலோமீட்டருக்கு 40இல் 500 மீட்டர் உயரம் போதும், 34இல் 588 வேண்டும். அந்த 88 மீட்டர் என்னைப் பலமுறை வீடு சேர்த்திருக்கிறது.

குமிழ்க்காற்று
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த ஆலோசனையை ஏற்க முடியவில்லை. போலார் கடைசிச் சறுக்கலுக்கு மட்டும் உரியதல்ல. நெட்டோவும், அதாவது கிளைடரின் சொந்த இறக்கத்தைக் கழித்துக் காற்று மட்டும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் எண்ணும், அதிலிருந்துதான் வருகிறது. மணிக்கு 100இல் உங்கள் கிளைடர் உண்மையில் 40 சறுக்கினால் நொடிக்கு 0.69 மீட்டர் இறங்கும். 34 என்று எழுதிய கணினி 0.82ஐ எதிர்பார்க்கும். அசையாத காற்றிலும் நெட்டோ 0.13 ஏற்றம் காட்டும். வேகம் கூடக் கூட இந்தப் பொய்யும் கூடும். இல்லாத ஏற்றத்தை நம்பி ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு போவீர்கள்.

பறக்க வேண்டிய வேகமும் கெடும். 1956இல் பிரான்ஸில் உலக சாம்பியனான பால் மக்கிரெடியின் வளையம், எந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்று சொல்வது, ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோ என்ற கருவியைச் சுற்றி இருந்தது. அந்த வளையத்தில் எண்களைக் குறித்ததே அந்தந்தக் கிளைடரின் போலாரை வைத்துத்தான். வளைவைச் செங்குத்தாக்கினால் கணினி உங்களை மெதுவாகவே போகச் சொல்லும்.

நெடுஞ்சிறகு
நெட்டோவில் 0.13 பெரிய விஷயமா? கொந்தளிப்பில் ஊசி அதைவிட அதிகம் ஆடும். உயிரோடு வீடு சேர்வது முதல் காரியம்.

குமிழ்க்காற்று
வீடு சேர்வதுதான் எனக்கும் முதல் காரியம், அண்ணா. எங்கள் வீட்டில் சுவர் மணிக்கூட்டை அம்மா பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தார், கோட்டை ரயிலைத் தவறவிடக் கூடாதென்று. ஒரு மாதத்தில் வீட்டில் எல்லோரும் மனதுக்குள் பத்தைக் கழித்தோம். ஒருநாள் மாமா வந்து கடிகாரம் தவறென்று சரிசெய்துவிட்டார். மறுநாளும் நாங்கள் வழக்கம்போலப் பத்தைக் கழித்தோம். ரயில் போய்விட்டது. கிளப் கிளைடரை நாலு பேர் பறக்கிறார்கள். நீங்கள் 34 என்று மாற்றியது அடுத்தவருக்குத் தெரியுமா?

நெடுஞ்சிறகு
சரி, அந்த இடத்தில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பின்னால் பறந்தவர்களிடம் நான் சொன்னதில்லை. ஆனால் கணினியின் பூச்சி அளவை (பூச்சி ஒட்டி இறக்கையின் திறன் குறைவதைச் சொல்லும் எண், சுத்தமான இறக்கைக்கு 100) 85 சதவீதம் போட்டாலும் 40 என்பது 34தான் ஆகும், நெட்டோவும் அதே அளவு மாறும். அதைச் சரி என்பீர்கள், என்னுடையதைத் தவறு என்பீர்களா?

குமிழ்க்காற்று
நல்ல கேள்வி. இறக்கையில் உண்மையாகவே பூச்சியோ மழைத்துளியோ இருந்தால் 85 சரி, நெட்டோவும் அப்போது உண்மையே சொல்லும். துடைத்த பிறகு ஒரு நொடியில் 100க்குத் திருப்பலாம். கிளைடர் எப்போதுமே 34தான் என்று பல நாள் அமைதிக் காற்றில் அளந்து பார்த்திருந்தால், அதுதான் அந்தக் கிளைடரின் போலார், தாராளமாக எழுதுங்கள். பயத்துக்கு வேறு இடம் இருக்கிறது: சேரும் உயரம் (ஓடுபாதையின் மேல் மிச்சம் இருக்க வேண்டிய உயரம்), பாதுகாப்பு மக்கிரெடி (சறுக்கல் கணக்கில் பாதுகாப்புக்காகத் தனியே வைக்கும் மக்கிரெடி எண்). சேரும் உயரத்தில் 300 மீட்டர் என்று போட்டால் அது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனைக் காகம்
மூன்று புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி அவற்றுக்கு ஒரு பரவளைவைப் பொருத்துகிறது. நின்றுபோகும் வேகத்துக்கு (இறக்கை தூக்குவதை இழக்கும் ஸ்டால் வேகம்) அருகே உண்மையான வளைவு மடிந்து விழும், பரவளைவால் அதைப் பின்தொடர முடியாது. அங்கே ஒரு புள்ளி வைத்தால் வேகமான பக்கம் கெட்டுவிடும். நீங்கள் உண்மையில் பறக்கும் வேகங்களிலிருந்து எடுங்கள்.

அப்புறம் தம்பி, ஒன்று கேட்கிறேன். எடை கூட்ட இறக்கைத் தொட்டியில் ஏற்றும் தண்ணீர் எவ்வளவு என்று உங்கள் போனில் போட்டிருந்தீர்கள்?

தெகிவளைத் தம்பி
இப்போதுதான் பார்த்தேன். முந்தைய பறப்புக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் போட்டிருந்தேன். எக்ஸ்சிசோரை மூடாமலே அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். கொண்டோரில் தண்ணீரே இல்லை.

குமிழ்க்காற்று
அப்படியானால் அதுதான். எடை கூடினால் வளைவு முழுவதும் எடை விகிதத்தின் வர்க்கமூலத்தால் நகரும். 40 சதவீதம் கூடினால் வேகமும் இறக்கமும் 18 சதவீதம் கூடும். சிறந்த சறுக்கு விகிதம் மாறாது, ஆனால் அது வேகமான பக்கத்துக்குப் போய்விடும். கனமான கிளைடர் 150இல் நன்றாகச் சறுக்கும் என்று போன் நம்பியது. உங்கள் காலிக் கிளைடரால் அது முடியவில்லை.

நெடுஞ்சிறகு
தம்பி, போலாரைத் தொட வேண்டாம், என் முதல் பதிலை விட்டுவிடுங்கள். தண்ணீரைப் பூச்சியமாக்கி அதே சறுக்கலைத் திரும்பப் பறந்து பாருங்கள். ஆனால் சேரும் உயரத்தைப் பூச்சியத்தில் விட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.

தெகிவளைத் தம்பி
ஆம் அண்ணா, பூச்சியம்தான் இருந்தது. 200 போட்டேன், தண்ணீரை எடுத்தேன். அதே இடம், அதே உயரம். இந்த முறை போன் முதலிலேயே 'போதாது' என்றது. இன்னொரு வெப்பக் காற்றுக் குமிழில் ஏறிவிட்டுப் புறப்பட்டேன், ஓடுபாதையின் மேல் 210 மீட்டரில் வந்து சேர்ந்தேன்.